சிறைக்குள் இருப்பவரோடு தொடர்பு விட்டுப்போகாமல் இருக்க: கடிதம், போன், நேர்காணல் (நேரில் போய்ப் பார்ப்பது) பற்றித் தெரிந்தவர்கள் எழுதுங்கள்

ஒற்றைப்பனை:

இந்தத் திரியில் சொந்தக் கதை வேண்டாம். யார்மேல் வழக்கு, எந்தப் பிரிவு, எந்த ஜெயில் என்பதும் வேண்டாம். உள்ளே இருக்கும் ஒருவரோடு தொடர்பு எங்கே அறுகிறது, ஏன் அறுகிறது, அதற்கு என்ன செய்வது என்பதை மட்டும் எழுதுங்கள். நாட்டுக்கு நாடு விதி மாறும்தான். ஆனால் கடிதம் திரும்பி வருவதற்கும் போன் பாதியில் அறுவதற்கும் காரணங்கள் எங்கேயும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

முதல் வேலையை நானே சொல்லிவிடுகிறேன். சிறைப் பதிவேட்டில் அவர் பெயர் எந்த எழுத்துக்கூட்டலில் ஏறியிருக்கிறது, கைதி எண் என்ன, எந்த பிளாக் என்ற மூன்றையும் கேட்டு எழுதி வையுங்கள். நம் பெயர்களில் இனிஷியல்தான் வில்லங்கம். ஒரு அட்டையில் முன்னால் இருக்கும், இன்னொன்றில் பின்னால் இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயரே குடும்பப் பெயராக நீண்டிருக்கும். பதிவேட்டில் எது இருக்கிறதோ அதையே உறையிலும், பணம் கட்டும் படிவத்திலும், நேர்காணல் மனுவிலும் எழுதுங்கள். தப்பாகவே ஏறியிருந்தாலும் திருத்தம் வரும்வரை அந்தத் தப்பையே எழுத வேண்டும். விசாரணைக் கைதியாக இருந்தவருக்குத் தண்டனை விழுந்ததும் எண் மாறுகிற இடங்கள் உண்டு. தீர்ப்புக்குப் பிறகு எழுதும் முதல் கடிதத்துக்கு முன்னால் எண்ணை இன்னொரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

நீலமசி:

கடிதத்தைப் பற்றி எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

உறை தணிக்கை மேஜையிலேயே பிரிக்கப்படும். பல இடங்களில் உறை அங்கேயே நின்றுவிடும், உள்ளே இருக்கும் தாள்தான் பிளாக்குக்குப் போகும். உறையில் மட்டும் கைதி எண் எழுதியிருந்தால் அந்தத் தாள் யாருடையது என்று சொல்ல ஆள் கிடையாது. அதனால் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் பெயர், எண், தேதி, "பக்கம் 2 / 3" என்று போடுங்கள். அதோடு கடிதத்துக்கும் வரிசை எண் கொடுங்கள்: கடிதம் 14, கடிதம் 15. அவர் பதில் எழுதும்போது "14 வரவில்லை, 15 வந்தது" என்பார். காணாமல் போனது எது, வழியில் இருப்பது எது என்று அப்போதுதான் தெரியும். அனுப்பும் முன் செல்போனில் படம் எடுத்து வைத்தால், தொலைந்ததை மறுபடி அனுப்ப ஐந்து நிமிஷம் போதும்.

சாதாரண வெள்ளைத் தாள், நீலம் அல்லது கறுப்பு பால்பாயிண்ட். இதைத் தாண்ட வேண்டாம். ஸ்டேப்ளர் பின், கிளிப், செலோடேப், ஸ்டிக்கர், ஜிகினா, வாசனைத் திரவியம், லிப்ஸ்டிக் முத்தம் எல்லாம் திருப்பி அனுப்பக் காரணம் ஆகும். கெடுபிடிக்காகச் செய்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். செயற்கைப் போதைப்பொருளைக் கரைத்துத் தாளில் தெளித்துக் காயவைத்து அனுப்புவது இப்போது பல நாட்டுச் சிறைகளில் பெரிய தலைவலி. அதனால் ஈரம் பட்டுச் சுருங்கிய தாள், விறைப்பான தாள், கறை, வாட்டர் கலர் எதைப் பார்த்தாலும் சந்தேகம் வரும். காபி சிந்திய தாளைத் துடைத்துவிட்டு அனுப்பாதீர்கள், வேறு தாளில் எழுதுங்கள். இரண்டு அடுக்காக ஒட்டிய வாழ்த்து அட்டையும், எடுத்த உடனே கேமராவிலிருந்தே வெளிவரும் போலராய்டு வகைப் போட்டோவும் இதே காரணத்தால்தான் நிற்கும், நடுவில் எதையாவது ஒளிக்கலாமே! சாதாரணப் பிரிண்ட் போட்டோ அனுப்புங்கள், பின்பக்கம் எண் எழுதுங்கள், மை காய்ந்த பிறகு அடுக்குங்கள். இல்லாவிட்டால் ஒன்றின் பின்னால் எழுதியது அடுத்ததன் முகத்தில் பதிந்திருக்கும்.

சில இடங்களில் அசல் கடிதம் கைதிக்குப் போவதே இல்லை. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலம் 2018-ல் சிறைக் கடிதங்களை வேறொரு மாநிலத்தில் இருக்கும் தனியார் நிறுவனத்துக்கு அனுப்பி, ஸ்கேன் எடுத்து, நகலைக் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. பிறகு இன்னும் பல சிறைகள் அதே வழியில் போயின. இப்படிப்பட்ட இடத்துக்கு எழுதினால் தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதுங்கள், நான்கு புறமும் இரண்டு விரல் அகலம் விடுங்கள், பென்சில் வேண்டாம். ஓரம் வரை எழுதினால் ஒவ்வொரு வரியிலும் கடைசிச் சொல் வெட்டுப்பட்டிருக்கும். இந்தச் சிறைகளில் கடிதம் போகும் முகவரியும் சிறை முகவரியாக இருக்காது, தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எவ்வளவு எழுதுவது என்றால், மாதம் ஒரு பத்துப் பக்கத்தைவிட வாரம் ஒரு பக்கம் மேல் என்பேன். தணிக்கை மேஜையில் ஒரு பக்கம் சீக்கிரம் நகரும், பத்துப் பக்கம் அடியில் கிடக்கும். ஒரு கடிதம் தொலைந்தாலும் அடுத்த வாரத்தது போய்ச் சேரும். கடைசியில் இரண்டு மூன்று கேள்விகளை எண் போட்டுக் கேளுங்கள். "எப்படி இருக்கிறாய்" என்பதற்கு உள்ளேயிருந்து எழுத ஒன்றும் இருக்காது. "பழைய சைக்கிளை விற்றுவிடலாமா, வைத்திருக்கட்டுமா" என்று கேட்டால் பதில் வரும். வீட்டில் ஒரு முடிவில் அவருக்கும் பங்கு இருக்கிறது என்பதும் அதிலேயே போய்ச் சேர்ந்துவிடும்.

ரிசீவர்:

போன். உள்ளேயிருந்து வெளியே மட்டும்தான் வரும், நாம் திருப்பிக் கூப்பிட முடியாது. இதை மறந்துவிடுவதால்தான் பாதி அழைப்புகள் வீணாகின்றன.

அனுமதிப் பட்டியலில் உள்ள எண்ணுக்கு மட்டுமே அழைப்பு போகும். சிம் யார் பெயரில் இருக்கிறது என்று சரிபார்ப்பார்கள். அண்ணன் பெயரில் சிம், மனுவில் அண்ணி பெயர் என்றால் நிராகரிப்புதான். எண்ணை மாற்றப் போகிறீர்கள் என்றால் புது எண்ணுக்கு ஒப்புதல் வரும்வரை பழைய சிம்மை உயிரோடு வைத்திருங்கள்.

செல்போனில் தேவையற்ற அழைப்புகளைத் தடுக்கும் செயலி இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். சிறை அழைப்பு பெரும்பாலும் தெரியாத எண்ணாகவோ எண்ணே இல்லாமலோ வரும், செயலி சத்தமில்லாமல் வெட்டிவிடும். எடுத்ததும் பதிவுக்குரல் ஒன்று பேசும், ஏற்றுக்கொள்ள ஓர் எண்ணை அழுத்தச் சொல்லும். அந்த நாட்டு மொழி தெரியாத பெரியவர்கள் "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டே இருப்பார்கள், அழைப்பு போய்விடும். எந்த எண்ணை அழுத்த வேண்டும் என்பதைப் பெரிதாக எழுதி போனுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள்.

பேச்சு நடுவே கான்பரன்ஸ் போடாதீர்கள். ஹோல்டில் போடாதீர்கள், இன்னொரு அழைப்பு வந்தால் எடுக்காதீர்கள், அழைப்பு வேறு எண்ணுக்குத் திரும்பும்படி வைக்காதீர்கள். மூன்றாம் ஆள் இணைவதைக் கண்டுபிடிக்கும் கருவி பல சிறைகளில் உண்டு. இணைப்பு மாறும்போது வரும் சின்ன 'டிக்' சத்தமும் திடீர் மௌனமும்தான் அதற்கு அடையாளம். அழைப்பு அறுவதோடு முடியாது, அவருடைய போன் உரிமையே சில வாரம் போகலாம். நாம் செய்த தவறுக்குத் தண்டனை அவருக்கு. அம்மாவும் பேச வேண்டும் என்றால் அதே அறையில் பக்கத்தில் உட்காரவைத்துப் போனைக் கையில் கொடுங்கள்.

பத்து, பதினைந்து நிமிஷத்தில் தானாக அறும். சொல்ல வேண்டிய மூன்று விஷயத்தைத் தாளில் எழுதி வைத்து அதிலிருந்தே தொடங்குங்கள். கடைசி இரண்டு நிமிஷத்தில் புது விஷயம் எடுக்காதீர்கள். சண்டையின் நடுவில் அறுந்தால் அடுத்த அழைப்புவரை அதைத் தின்றுகொண்டு இருப்பது அவர்தான்.

வழக்கைப் பற்றிப் போனில் ஒரு சொல்கூட வேண்டாம். அழைப்பு பதிவாகிறது, அது அரசுத் தரப்புக்குப் போகலாம். "அவனைப் பார்த்துப் பேசு" என்று சாதாரணமாகச் சொன்னதுகூட சாட்சியை மிரட்டியதாக வாசிக்கப்படும். வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் இருக்கும் ரகசியப் பாதுகாப்பு குடும்பத்துக்குக் கிடையாது. வக்கீலிடம் சொல்ல வேண்டியதை அவர் வக்கீலிடமே சொல்லட்டும்.

பச்சைநாடா:

ரிசீவர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். உள்ளே கடத்தி வந்த செல்போனிலிருந்து அழைப்பு வந்தால் ஆசையாகத்தான் இருக்கும். எடுக்காதீர்கள், அதற்கு ரீசார்ஜும் செய்யாதீர்கள். பிடிபட்டால் புது வழக்கு அவர்மேல், ரீசார்ஜ் ரசீது உங்கள் பேரில். "உங்கள் பையனுக்கு உடம்பு முடியவில்லை, உடனே பணம் போடுங்கள்" என்று வரும் அழைப்பும் இந்த வகைதான். வைத்துவிட்டு, அலுவலக எண்ணை நீங்களே தேடி எடுத்து, நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள்.

பணம் அவர் கணக்குக்கு மட்டும். "பக்கத்து செல்காரர் பெயரில் போடு" என்று அவரே கேட்டால், பெரும்பாலும் உள்ளே கடனோ மிரட்டலோ இருக்கிறது என்று அர்த்தம். வேறு கைதியின் கணக்குக்குப் பணம் போனால் அலுவலகமும் கவனிக்கும். கடித உறைக்குள் நோட்டு வைப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மூன்றாம்வாயில்:

நேர்காணலுக்குக் கிளம்பும் அன்று காலை ஒரு போன் போட்டுக் கேளுங்கள். கோர்ட் தேதி, ஆஸ்பத்திரி, இடமாற்றம், பிளாக்கையே பூட்டி வைப்பது, உள்ளே விதிமீறலுக்குக் கிடைத்த தண்டனை என்று எதுவாக இருந்தாலும் சந்திப்பு ரத்தாகும், யாரும் நமக்குச் சொல்லி அனுப்ப மாட்டார்கள். அசல் அடையாள அட்டை, அதுவும் மனுவில் எழுதிய அதே அட்டை. கைதி உடையின் நிறத்திலும் காவலர் சீருடை நிறத்திலும் உடுத்தாதீர்கள். உள்கம்பி வைத்த உள்ளாடை, பெரிய பக்கிள், உலோக ஹேர்கிளிப் ஆகியவை மெட்டல் டிடெக்டரில் கத்தும். இன்ஹேலர், இன்சுலின் போல உடனே வேண்டிய மருந்து என்றால் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

கையைத் துணியால் துடைத்து போதைத் துகள் பார்க்கும் கருவி இருக்கும் இடங்களில் தப்பான எச்சரிக்கையும் வரும். ரூபாய் நோட்டு பல கை மாறி வருவதால் அதில் துகள் ஒட்டியிருக்கலாம், சில சானிடைசர்களாலும் கருவி ஏமாறும். வாசலில் சில்லறை எண்ணிவிட்டு அப்படியே உள்ளே போகாமல் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுப் போங்கள். எச்சரிக்கை வந்தால் மேஜைச் சந்திப்பு கண்ணாடிச் சந்திப்பாகிவிடும்.

கண்ணாடிக்குப் பின்னால் இன்டர்காம் என்றால் உட்கார்ந்ததும் முதல் பத்து வினாடியில் இரண்டு பேரும் குரல் கேட்கிறதா என்று பாருங்கள். கரகரத்தால் அப்போதே வேறு இடம் கேளுங்கள், பாதி நேரம் போன பிறகு மாற்றித் தர மாட்டார்கள். வலைக்கம்பிச் சந்திப்பு இன்னும் கஷ்டம். இருபது முப்பது பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள். ஒருவர் கத்தினால் பக்கத்தில் இருப்பவரும் கத்துவார், கடைசியில் யாருக்கும் கேட்காது. நடுவில் நிற்காமல் சுவரோரக் கோடிக்குப் போங்கள், ஒரு பக்க இரைச்சலாவது குறையும். முகத்தைக் கம்பிக்கு நேராக வைத்து, சின்னச் சின்ன வாக்கியமாக, தாழ்ந்த குரலில் நிதானமாகப் பேசுங்கள். உதட்டைப் பார்த்தே பாதி புரிந்துகொள்வார்.

சில நாள் அவரே வர மறுப்பார். அவமானம், உடல் இளைத்தது, முகத்தில் காயம் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். வாசலில் சண்டை போடாமல், "வந்தேன், அடுத்ததற்கும் வருவேன்" என்று அன்றே இரண்டு வரி எழுதிப் போடுங்கள்.

தூரதேசம்:

வெளிநாட்டுச் சிறை என்றால் முதலில் தூதரகம். 1963-ம் ஆண்டின் வியன்னா தூதரக உறவு உடன்படிக்கை, பிரிவு 36: கைதானவர் கேட்டால் அவர் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் போக வேண்டும், தூதரக அதிகாரி போய்ப் பார்க்கலாம், கடிதம் எழுதலாம். அந்த உரிமை உண்டு என்று அவருக்குத் தெரிந்திருக்காது. குடும்பம் தூதரகத்துக்கு எழுதும்போது முழுப்பெயர், பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, பிடிபட்ட ஊர், தேதி, சிறையின் பெயர் எல்லாம் ஒரே தாளில் இருக்கட்டும். தூதரகம் வழக்கை நடத்தித் தராது, வெளியே எடுத்தும் தராது. எங்கே இருக்கிறார், எப்படி இருக்கிறார் என்று உறுதிப்படுத்தும், உள்ளூர் வக்கீல் பட்டியல் தரும். இந்த எல்லை தெரியாமல் போகிறவர்கள்தான் கோபத்தோடு திரும்புகிறார்கள்.

தமிழில் எழுதிய கடிதம் தணிக்கையில் தங்கும், வாசிக்க ஆள் வேண்டுமே. தலைப்பில் அந்த நாட்டு மொழியில் "குடும்பக் கடிதம், மொழி தமிழ்" என்று ஒரு வரி போடுங்கள். சுருக்கெழுத்து, செல்லப்பெயர், வீட்டுக்குள் மட்டும் புரியும் கேலி எல்லாம் மொழிபெயர்ப்பவர் கண்ணுக்குச் சங்கேத மொழியாகத் தெரியும்.

போர் நடக்கும் இடத்தில் பிடிபட்டவர் என்றால் செஞ்சிலுவைச் சங்கத்தின் வழி. அவர்கள் கொண்டுபோய்ச் சேர்க்கும் தாளில் குடும்பச் செய்தி மட்டும் எழுதலாம், மூடாத தாளாகத்தான் போகும். போர்க்கைதிக்கு மாதம் குறைந்தது இரண்டு கடிதம், நான்கு அட்டை எழுதும் உரிமை 1949-ன் மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கையிலேயே இருக்கிறது.

ஒற்றைப்பனை:

திடீரென்று மூன்று வாரம் ஒன்றுமே வராவிட்டால்?

பச்சைநாடா:

இடமாற்றம், தண்டனை, ஆஸ்பத்திரி, போன் கணக்கில் காசு இல்லாதது, மனசு சரியில்லாதது. பெரும்பாலும் இந்த ஐந்தில் ஒன்று. சிறை அலுவலகம், பிறகு வக்கீல், பிறகு சிறை நல அலுவலர், அதற்கும் மேல் மனித உரிமை ஆணையம் என்ற வரிசையில் போங்கள். ஒவ்வொரு முறையும் தேதி, நேரம், பேசியவர் பதவி, சொன்ன பதில் நாலையும் எழுதி வையுங்கள். மூன்றாவது படியில் அந்தக் குறிப்புதான் பேசும்.

மனுவில் மேற்கோள் காட்ட, கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று சொல்லும் ஐ.நா.வின் நெல்சன் மண்டேலா விதிகள் (2015) உதவும். விதி 58 குடும்பத்தோடு கடிதமும் சந்திப்பும் பற்றியது. விதி 68 இடமாற்றத்தையும் கடுமையான நோயையும் குடும்பத்துக்கு உடனே தெரிவிக்கக் கைதிக்கு இருக்கும் உரிமை. விதி 43, குடும்பத் தொடர்பை அடியோடு நிறுத்துவதைத் தண்டனையாகக் கொடுக்கக் கூடாது என்கிறது, குறிப்பிட்ட காலத்துக்குக் குறைக்கலாம், அவ்வளவுதான். இவை அந்தந்த நாட்டுச் சட்டம் போல நேரடியாகக் கட்டுப்படுத்தாது. அதனால் உள்ளூர் சிறை விதியை முதலில் எழுதி, இதை அடுத்த வரியில் வையுங்கள்.

ஒற்றைப்பனை:

குழந்தை வரைந்த படம் அனுப்பலாமா என்று ஒரு அக்கா தனிச்செய்தியில் கேட்டிருக்கிறார். மெழுகு கிரேயான்.

நீலமசி:

அசலை அனுப்பாதீங்க அக்கா. மெழுகு பூசின தாள் நிற்கும். கலர் ஜெராக்ஸ் எடுத்து, பின்பக்கம் அப்பா பெயரும் கைதி எண்ணும் எழுதி, கடிதத்தோடு மடித்து வையுங்க. அசலைத் தேதி போட்டு வீட்டிலேயே ஒரு கோப்பில் சேர்த்து வாங்க. ஜெராக்ஸிலும் மெழுகின் தடம் கொஞ்சம் தெரியும், ஆனால் விரலால் தொட்டால் வழவழப்பு இருக்காது. தணிக்கையில் தொட்டுப் பார்ப்பது அதைத்தான்.