புதுப்பிப்பு: மேகமூட்டத்தில் இரண்டே நாளில் படுத்துவிடும் சென்சார்

வைஃபை சென்சார் (ஈஎஸ்பி32 என்ற வைஃபை சிப் உள்ள போர்டு, 1 வாட் சோலார் பேனல், 600 எம்ஏஎச் (மில்லிஆம்ப்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) லித்தியம் பேட்டரி) வெயில் இல்லாவிட்டால் இரண்டே நாளில் அணைந்துவிடுகிறது என்று போன மாதம் எழுதியிருந்தேன். பெரிய பேனல் வாங்கச் சொன்னீர்கள். நல்லவேளை, வாங்கவில்லை.

டீப் ஸ்லீப்பில் (வேலை இல்லாதபோது சிப் ஆழ்ந்து தூங்கும் நிலை) 10 மைக்ரோஆம்ப் என்ற டேட்டாஷீட் (தயாரிப்பாளரின் விவரக் குறிப்பு) கணக்கை நம்பியதுதான் தப்பு. அது சிப்புக்கு மட்டும். மல்டிமீட்டரில் பார்த்தால் முழு போர்டும் தூங்கும்போதே 10 மில்லிஆம்ப், அதாவது ஆயிரம் மடங்கு, இழுக்கிறது! பவர் எல்ஈடி, ரெகுலேட்டர் (வோல்டேஜைச் சீராக்கும் சிப்), யூஎஸ்பி சிப் எல்லாம் சேர்ந்து.

ஒரு நாளைக்குத் தூக்கத்தில் மட்டும் 240 எம்ஏஎச். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை 10 விநாடி விழித்து 120 மில்லிஆம்ப் எடுப்பது வெறும் 48 எம்ஏஎச். ஆக நாளுக்கு 288; 600 எம்ஏஎச் பேட்டரி இரண்டே நாளில் காலி.

அதனால் போர்டுக்குப் பதில் வெற்று மாட்யூலும் (எல்ஈடி, யூஎஸ்பி சிப் இல்லாத ஈஎஸ்பி32 மட்டும்) குறைந்த கசிவுள்ள ரெகுலேட்டரும் போட்டேன். தூக்கத்தில் இப்போது 0.1 மில்லிஆம்ப்; விழிக்கும் நேரத்தையும் சேர்த்து மொத்தம் நாளுக்குச் சுமார் 50 எம்ஏஎச். பேட்டரியில் 80 சதவீதம்தான் பயன்படும் என்று வைத்தாலும் வெயிலே இல்லாமல் ஒன்பது நாள் தாங்க வேண்டும். அதைச் சோதிக்கப் பேனலை மூடிப்போட்டு ஓட்டுகிறேன். இன்று ஆறாவது நாள், சென்சார் இன்னும் ஓடுகிறது; பேட்டரி 3.8 வோல்ட்.