கண் அழுத்தம் 15தான், ஆனாலும் பார்வைப் புலம் குறைகிறது: ரத்த ஓட்டம்தான் காரணமா?

கேள்வி (விழியாடி):
ஒருவருக்குக் கண் அழுத்தம் எப்போது அளந்தாலும் 14–16 மி.மீ. பாதரசம். கார்னியா தடிமன் 540 மைக்ரான், ஆகவே கருவி குறைத்துக் காட்டுகிறது என்றும் சொல்ல முடியாது. கண்ணின் உள்நீர் வடியும் கோணம் திறந்திருக்கிறது. ஆனால் பார்வை நரம்புத் தட்டின் கீழ் விளிம்பு தேய்ந்துகொண்டே போகிறது; புலப் பரிசோதனையில் மேல் பாதியில் வில் வடிவக் குறை. ரத்த அழுத்த மாத்திரை இரவில் எடுப்பவர். அழுத்தம் கூடாமலே பார்வை நரம்பு தேயும் இந்த இயல்பழுத்த கிளாக்கோமா உள்ளவர்களுக்கு "ரத்த ஓட்டம் சரியில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எந்த ரத்தக்குழாய்? எதை அளந்து பார்ப்பது?

பதில் 1 (லாமினா):
கண்ணுக்குள் ஒரே ரத்த ஓட்டம் இல்லை, அதனால்தான் அந்த ஒரு வரி போதாது. கண்ணுக்கு வரும் ரத்தத்தில் பெரும்பங்கு, 80 சதவீதத்துக்கு மேல், விழித்திரைக்குப் பின்னால் உள்ள ரத்தக்குழாய்ப் படலமான கோராய்டுக்குப் போகிறது. கோராய்டின் குழாய்களைத் தன்னியக்க நரம்புகள் கட்டுப்படுத்துகின்றன. விழித்திரைக் குழாய்களுக்கோ அந்த நரம்பு இணைப்பே கிடையாது. தங்களைத் தாங்களே சரிசெய்துகொள்ள வேண்டும். உள்ளழுத்தம் கூடினால் குழாய்ச் சுவரின் தசை சுருங்கும். கரியமில வாயு சேர்ந்தால் விரியும். உள்சுவர்ச் செல்கள் சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடு விரிக்கும், எண்டோதெலின்-1 சுருக்கும்.

கிளாக்கோமாவில் அடிபடும் இடம் நரம்புத் தலை, அதாவது நீங்கள் சொன்ன நரம்புத் தட்டு. அதன் மேற்பரப்பு இழைகளுக்கு மட்டும் விழித்திரை மையத் தமனியின் கிளைகள் ரத்தம் தருகின்றன. அதற்குப் பின்னால் உள்ள பகுதிக்கும், நரம்பிழைகள் கண்ணைவிட்டு வெளியேறும் சல்லடைத் தகடான லாமினா கிரிப்ரோசாவுக்கும் குட்டைப் பின் சிலியரித் தமனிகள். ஒரு வம்பு என்னவென்றால், நரம்புத் தலையின் ஓரத்தில் ரத்த–மூளைத் தடுப்பு (ரத்தத்தில் உள்ள பொருள்கள் நரம்புத் திசுவுக்குள் புகாமல் காக்கும் அரண்) முழுமையாக இல்லை. கோராய்டிலிருந்து கசியும் எண்டோதெலின் நேரே உள்ளே வந்து குழாய்களைச் சுருக்க முடியும்.

பதில் 2 (இரவுக்கணக்கு):
இரவில் எடுக்கும் மாத்திரைதான் என் கண்ணில் முதலில் படுகிறது. கணக்கைப் போட்டுப் பாருங்கள். பகலில் 130/80, கண் அழுத்தம் 16 என்றால் டயஸ்டாலிக் ஊடுருவு அழுத்தம் (கண்ணுக்குள் ரத்தத்தைத் தள்ளும் அழுத்தம்; ரத்த அழுத்தத்தின் கீழ் எண்ணிலிருந்து கண் அழுத்தத்தைக் கழித்தது) 80 − 16 = 64. பின்னிரவில் ரத்த அழுத்தம் 95/50க்கு இறங்கி, படுத்திருப்பதால் கண் அழுத்தம் 20க்கு ஏறினால் மிஞ்சுவது 30. பால்டிமோர் கண் ஆய்வில் (1995) இந்த அளவு 30க்குக் கீழே இருந்தவர்களிடம் கிளாக்கோமா ஏறத்தாழ ஆறு மடங்கு அதிகம் காணப்பட்டது.

தூக்கத்தில் ரத்த அழுத்தம் 10–20 சதவீதம் இறங்குவது இயல்பு. அதற்கு மேல் இறங்கினால்தான் கவலை. கிளினிக்கில் காலை 11 மணிக்கு அளந்த ஒரு எண் இதைக் காட்டவே காட்டாது. 24 மணி நேரக் கருவி கட்ட வேண்டும்.

பதில் 3 (லாமினா):
மேலே போட்டது டயஸ்டாலிக் கணக்கு. சராசரிக் கணக்குப் போடுவோருக்கு ஒரு எச்சரிக்கை. சராசரி ஊடுருவு அழுத்தத்தை, சராசரித் தமனி அழுத்தத்தின் மூன்றில் இரண்டு பங்கிலிருந்து கண் அழுத்தத்தைக் கழித்துப் பெறுவது உட்கார்ந்த நிலைக்கு மட்டும். படுத்தால் கண் இதயத்தின் மட்டத்துக்கு வந்துவிடுவதால் பெருக்கும் எண் 115/130. இரண்டையும் குழப்பினால் இரவுக் கணக்கு உள்ளதைவிட மோசமாகத் தெரியும்.

பதில் 4 (தட்டுநோக்கி):
ஓசிடி ஆஞ்சியோகிராபியில் (ஒளியால் நுண்குழாய்களைப் படமெடுக்கும் முறை) நரம்பைச் சுற்றிக் குழாய் அடர்த்தி குறைந்திருப்பதைக் காட்டி "இதோ காரணம்" என்பார்கள். நரம்பிழைகள் அழிந்தால் அவற்றுக்கு வேண்டிய ரத்தமும் குறையும். ஆக அது விளைவாகவும் இருக்கலாம். தவிர, அந்தப் படம் ரத்தம் ஓடும் குழாய்களைக் காட்டுமே ஒழிய ஓட்டத்தின் அளவைச் சொல்லாது. டாப்ளர் ஒலியலைப் பரிசோதனையில் வேகம் தெரியும். குழாயின் விட்டம் தெரியாமல் அளவு கிடைக்காது.

இதைவிடப் பயனுள்ளது தட்டின் ஓரத்தில் தீச்சுடர் வடிவ ரத்தக்கசிவு. சில வாரங்களில் மறைந்துவிடும், எனவே ஒவ்வொரு வருகையிலும் கண் பாப்பாவை விரித்துத் தேட வேண்டும். இருந்தால் நோய் முன்னேறும் வாய்ப்பு அதிகம். தட்டின் குழிவைவிட வெளுப்பு அதிகமாகவோ, புலக்குறை செங்குத்துக் கோட்டில் வெட்டினாற்போலவோ இருந்தால் ரத்த ஓட்டப் பேச்சை விட்டுவிட்டு, நரம்புப் பாதையை எதுவும் அழுத்துகிறதா என்று பார்க்க எம்ஆர்ஐ எடுங்கள்.

விழியாடி:
சரி, ரத்த ஓட்டத்தைக் கூட்ட மருந்து உண்டா?

பதில் 5 (இரவுக்கணக்கு):
அதற்கென்று நிரூபணமான மாத்திரை இல்லை. கடையில் கிடைக்கும் ஜின்கோ என்ற மூலிகை மாத்திரையை நம்பிச் சொட்டு மருந்தை நிறுத்திவிடாதீர்கள். கண் அழுத்தத்தைக் குறைப்பது இங்கேயும் வேலை செய்கிறது: 1998இல் வெளியான இயல்பழுத்த கிளாக்கோமா கூட்டாய்வில் 30 சதவீதம் குறைத்த கண்களில் 12 சதவீதமும், சிகிச்சையின்றி விட்ட கண்களில் 35 சதவீதமும் மோசமாயின. அதாவது 15ஐ 10–11க்குக் கொண்டுவர வேண்டும்.

எந்தச் சொட்டு என்பதும் முக்கியம். புரோஸ்டாகிளாண்டின் வகை இரவிலும் அழுத்தத்தைக் குறைக்கும். தூக்கத்தில் கண்ணின் உள்நீர்ச் சுரப்பு ஏற்கெனவே பாதியாகிவிடுவதால், அந்தச் சுரப்பைக் குறைக்கும் டிமோலால் சொட்டுக்கு அப்போது வேலை குறைவு. அது உடலில் கலந்தால் ரத்த அழுத்தத்தையும் இறக்கக்கூடும். ரத்த அழுத்த மாத்திரையை யாரும் தாங்களாக நிறுத்தவோ நேரம் மாற்றவோ வேண்டாம். 24 மணி நேரப் பதிவை மருந்து எழுதியவரிடம் காட்டி, காலைக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று பார்க்கும் தூக்கப் பரிசோதனையையும் சேர்த்துச் செய்துவிடலாம்.