அட்டைப்பெட்டி வீடு: கூரை தொய்கிறது, யோசனை சொல்லுங்கள்

வணக்கம். ஃபிரிட்ஜ் வந்த பெரிய அட்டைப்பெட்டியைப் பிள்ளைகளுக்கு விளையாட்டு வீடாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். மூத்தவளுக்கு 4 வயது, சின்னவனுக்கு 2. சுவர்கள் நன்றாக நிற்கின்றன. அட்டைக்குள் இருக்கும் நெளிவரிகள் மேலிருந்து கீழாக ஓடும்படி வைத்ததால் சின்னவன் சாய்ந்தாலும் மடங்கவில்லை. பெட்டியில் இருந்த பின்களையெல்லாம் முதலிலேயே பிடுங்கிவிட்டேன்.

சிக்கல் கூரையில்தான். இரண்டு அட்டைகளைச் சாய்த்து உச்சியில் சேர்த்து ஒட்டினால், ஒரே நாளில் நடுவில் தொய்ந்துவிடுகிறது. உள்பக்கம் முக்கோணமாக முட்டுக் கொடுக்கலாமா? இல்லை, நெளிவரிகள் குறுக்கும் நெடுக்குமாக வரும்படி இரண்டு அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று ஒட்டினால் போதுமா? வெள்ளைப் பசை போட்டால் ஈரத்தில் அட்டை வளைகிறது. க்ளூ கன் சட்டென்று பிடிக்கும், ஆனால் இவ்வளவு பெரிய பரப்பில் போட்டு முடிப்பதற்குள் இறுகிவிடுகிறது. மேலே கனம் வைத்துக் காயவிட்டால் வெள்ளைப் பசையே சரிப்படுமா?

அடுத்தது கதவு. ஒரு பக்கம் வெட்டாமல், கோடு மட்டும் கீறி மடித்திருக்கிறேன். திறந்து மூடுவதுதான் விளையாட்டே என்பதால் மடிப்பு கிழியத் தொடங்கிவிட்டது. துணிப் பட்டை ஒட்டினால் தாங்குமா? பிளாஸ்டிக் டேப் வேண்டாம், அதன்மேல் பெயின்ட் சரியாகப் பிடிக்காது. நிறம் என்னவென்று (ஊதாதானாம்) மூத்தவள் ஏற்கெனவே முடிவுசெய்துவிட்டாள்.

ஆணி, கம்பி எதுவும் வேண்டாம். விளையாடியதும் மடித்துச் சுவரோரம் வைக்கும்படி செய்தவர்கள் இருந்தால் படம் போடுங்கள், முக்கியமாகக் கூரையைச் சுவரோடு எப்படி இணைத்தீர்கள் என்பது தெரிகிற மாதிரி.