மறு: ஈரநில ஆர்க்கிடின் கிழங்குகளுக்குக் கலைச்சொல்

> புதுக்கிழங்கைச் 'சேய்க்கிழங்கு' என்றே சொல்லிவிடலாமே? மஞ்சளுக்கு வழங்குவதுதானே.

ஐயா, மஞ்சளில் தாய்க்கிழங்கைச் சுற்றி விரலி பல கிளைக்கும். சிலவற்றை எடுத்தாலும் விதைக்கு மிஞ்சும். டிசா, சத்தீரியம், ஹாபெனேரியா என்னும் ஆர்க்கிட் பேரினங்கள் மூன்றிலும் அப்படியில்லை. ஒரு கிழங்கு தன் சேமிப்பை இவ்வாண்டின் இலைக்கும் பூந்தண்டுக்கும் கொடுத்துச் சுருங்கும்போதே, அருகில் அடுத்த ஆண்டுக்குரியது திரள்கிறது. பெரும்பாலும் ஒன்றுக்குப் பதில் ஒன்றே. சமையலுக்கு வேண்டியது கெட்டியான அந்தப் புதியதுதான். அதை எடுத்துவிட்டால் அடுத்த மழைக்குச் செடி முளைக்காது. 'சேய்' என்ற சொல் இதை மறைத்துவிடும். ஆகவே புதியதை 'மாற்றுக்கிழங்கு' என்றும் பழையதை 'வற்றுக்கிழங்கு' என்றும் முன்வைக்கிறேன்.

சாலாமிசிரியையும் இங்கே இழுக்க வேண்டாம். அதுவும் ஆர்க்கிட் கிழங்கே என்றாலும், நாட்டுமருந்துக் கடையில் விற்கும் காய்ந்த சரக்கின் பெயர்.

இக்கிழங்குகளின் மாவில் கிளறும் சாம்பிய நாட்டுக் களியான சிக்கண்டாவுக்குச் செய்முறை கேட்டிருந்தீர்கள். கிழங்கைக் கழுவி, உலர்த்தி, இடித்துச் சலிக்க வேண்டும். இரண்டு கோப்பை வேர்க்கடலைத் தூளை உப்பு, மிளகாய்த்தூளோடு நீரில் கொதிக்கவிட்டு, ஒரு தேக்கரண்டி சமையல் சோடா சேர்த்து, ஒரு கோப்பை கிழங்குமாவைத் தூவித் தூவிக் கிளற வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் மேற்புறம் உடனே நீரை உறிஞ்சிக் கூழாகி, உள்ளே பொடி உலர்ந்தே நிற்கும். அந்தக் கட்டி பிறகு கரையாது. இதைக் கெட்டியாக்குவது மாவுச்சத்து மட்டுமல்ல, குளுக்கோமன்னான் என்னும் பசைச்சத்தும்தான். காரத்தன்மை இருந்தால் அது நன்றாக இறுகும். அதனால்தான் ஊர்ப்புறத்தில் சோடாவுக்குப் பதில் சாம்பல்நீர் விடுகிறார்கள். சோடா மிகுந்தால் சவர்க்காரச் சுவை தட்டும். களி பாத்திரத்தை விட்டு விலகியதும் சிறுதீயில், மூடிமேல் தணலிட்டு வேகவைத்து, ஆறியபின் துண்டுபோடலாம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் கடைகளில் கிடைக்கும் போலோனி என்னும் இறைச்சிச் சுருளைப் போல வழவழவென்று வெட்டுப்படும். 'ஆப்பிரிக்கப் போலோனி' என்ற பெயரும் அதற்கு உண்டு.

———

> வற்றுக்கிழங்கு

இது உலர்த்திய கிழங்கு என்றே படும், வற்றல் போல. சமையல் குறிப்பில் இரண்டும் அடுத்தடுத்து வரும்போது குழப்பம் நிச்சயம். 'பழங்கிழங்கு' போதும். 'மாற்றுக்கிழங்கு' எனக்கு முழு உடன்பாடு.

வரையறையில் ஒன்று சேருங்கள் ஐயா: உருளைக்கிழங்கு முழுக்கத் தண்டு, இந்த ஆர்க்கிட் கிழங்கோ உச்சியில் மொட்டும் அதன்கீழ் பருத்த வேருமாக அமைந்தது. மொட்டு இருப்பதால்தான் மறுபடி முளைக்கிறது. தென்னாப்பிரிக்காவின் டிராக்கன்ஸ்பர்க் மலைப் புல்வெளிகளிலும் டிசா, சத்தீரியம் உண்டு என்பதால், பறிப்பதற்கு அனுமதி வேண்டும் என்ற வரியைச் செய்முறைக்கு முன்னாலேயே போடுங்கள். ஆர்க்கிட் இனங்கள் எல்லாமே அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலிலாவது இருப்பவை. எல்லை தாண்டிக் கொண்டுவரும் மாவுக்கும் அது பொருந்தும்.