புதுப்பிப்பு: அப்பாவின் கேசட்டுகள் பாடிவிட்டன

வார இறுதிக்குக் கும்பகோணம் போகிறேன், அப்பாவின் டேப் ரெக்கார்டரில் மோட்டார் சத்தம் மட்டும் வருகிறது, கேசட் சுற்றவில்லை, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். மோட்டாரின் சுழற்சியைக் கேசட்டுக்குக் கொண்டுபோகும் ரப்பர் பெல்ட்டைப் பாருங்கள் என்றீர்கள். அதேதான்! ரப்பர் உருகித் தார் மாதிரி ஒட்டிக்கிடந்தது. பள்ளித் தோழன் ஒருவன் ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் பஞ்சுக் குச்சியுமாக வந்து உட்கார்ந்துவிட்டான். புது பெல்ட் மாட்டி, நாடாவைப் படிக்கும் ஹெட்டையும் நாடாவை இழுக்கும் ரோலரையும் துடைத்தோம். பஞ்சில் வந்த பழுப்பு, நாடாவிலிருந்து உதிர்ந்த இரும்பு ஆக்சைடு.

முதலில் போட்டது ஒரு சி-90, அதாவது 90 நிமிடக் கேசட், பக்கத்துக்கு 45 நிமிடம். "வேகமா சுத்தாதடா, சிக்கிக்கும்" என்றார் அப்பா. சரிதான், சி-60-ஐவிட இதன் நாடா மெல்லியது. பாட்டுப் பட்டியலைத் தாளில் எழுதி ரெக்கார்டிங் கடையில் கொடுத்துப் பதிந்த காலத்துக் கேசட் இது. கடைக்காரர் இடம் போதாமல் கடைசிப் பாட்டைப் பாதியில் வெட்டியிருக்கிறார். அது நின்றதும் அம்மா சமையலறையிலிருந்து மீதியைப் பாட, எல்லோரும் சிரித்துவிட்டோம். என்னைக் கேட்டால் பாட்டைவிட அதுதான் நன்றாக இருந்தது.

அப்புறம் ஹெட்போன் துளையிலிருந்து மடிக்கணினியின் லைன்-இன் என்ற ஒலி உள்ளீட்டுத் துளைக்கு வயர் போட்டு, ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிந்து, வேவ் ஒலிக்கோப்பாக வைத்திருக்கிறேன். ஒரு கேசட்டில் மட்டும் நாடாவை ஹெட்டோடு அழுத்தும் பஞ்சுத் துண்டு விழுந்துவிட்டது. தீபாவளிக்குப் போகும்போது அந்த நாடாவைத் திருகைக் கழற்றித் திறக்கக்கூடிய வேறு கேசட் கூட்டுக்கு மாற்ற வேண்டும். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.