தொட்டிக்கு 57 லட்சம் லிட்டர் வருகிறது, எங்கே பிசகு?

துளி: தொட்டி 120 × 80 × 60 செ.மீ. பெருக்கினால் 5,76,000 கன செ.மீ. 100 செ.மீ. ஒரு மீட்டர் என்பதால் 100-ஆல் வகுத்தேன்: 5,760 கன மீட்டர். கன மீட்டருக்கு 1,000 லிட்டர் என்றால் 57,60,000 லிட்டர்! தண்ணீரில் கலக்க வேண்டிய திரவத்தின் லேபிளில் ‘லிட்டருக்கு 2.5 மி.லி.’ என்று இருக்கிறது. எவ்வளவு ஊற்றுவது?

கனமானி: 100-ஆல் வகுத்ததுதான் பிசகு. நீளம், அகலம், உயரம் மூன்றும் மாறுகின்றன. ஆகவே 100 × 100 × 100, அதாவது 10 லட்சத்தால் வகுக்க வேண்டும். 0.576 கன மீட்டர், 576 லிட்டர். மீட்டர் பக்கமே போகாமலும் முடிக்கலாம்: 1 கன செ.மீ. என்பது சரியாக 1 மி.லி., எனவே 1,000-ஆல் வகுத்தால் லிட்டர்.

அடிமட்டம்: அளந்தது வெளிப்பக்கமா, உள்பக்கமா? சுவரும் அடித்தளமும் 1 செ.மீ. தடிமன் என்றால் உள்ளளவு 118 × 78 × 59. அது 543 லிட்டர்தான், 33 லிட்டர் குறைகிறது. விளிம்பு வரை யாரும் நிரப்புவதில்லை. நீர்மட்டத்தை அளந்து கணக்கிடுங்கள்: இந்தத் தொட்டியில் ஒவ்வொரு செ.மீ. உயரத்துக்கும் சுமார் 9.2 லிட்டர்.

துளி: வெளியேதான் அளந்தேன். சுவர், அடித்தளம் இரண்டும் 1 செ.மீ.தான். நீர்மட்டம் 50 செ.மீ.

அடிமட்டம்: அப்படியானால் 460 லிட்டர். 2.5-ஆல் பெருக்கினால் 1,150 மி.லி., அதாவது 1.15 லிட்டர் திரவம். தராசில் நிறுத்து 1,150 கிராம் ஊற்றிவிடாதீர்கள். மி.லி.யும் கிராமும் ஒன்றாவது தண்ணீருக்குத்தான், அதுவும் ஏறத்தாழ. அளவுக் குடுவையில் அளக்கும்போது கண்ணைத் திரவத்தின் மட்டத்துக்குக் கொண்டுவந்து, மேற்பரப்பு வளைவின் அடிப்பகுதியைப் படியுங்கள்.

பத்தின்மடி: லேபிளில் செ.லி. (சென்டிலிட்டர்), டெ.லி. (டெசிலிட்டர்) வந்தால் கவனம். மி.லி., செ.லி., டெ.லி., லிட்டர் என்று படிக்குப் படி 10 மடங்கு; 33 செ.லி. என்பது 330 மி.லி. செறிவில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். 90 டெ.லி. 9 லிட்டர் என்பதால், டெ.லி.க்கு 90 மி.கி. என்பதையும் லிட்டருக்கு 9 என்று எழுதிவிடுகிறார்கள். அங்கே அலகு வகுக்கும் இடத்தில் இருப்பதால் கணக்கு தலைகீழ்: லிட்டருக்கு 900 மி.கி.

கனமானி: பழைய நூல்களில் 1 லிட்டர் 1.000028 கன டெசிமீட்டர் (ஒரு கன டெசிமீட்டர் 1,000 கன செ.மீ.) என்று இருந்தால் அச்சுப்பிழை அல்ல. 1901 முதல் லிட்டர் என்பது 1 கிலோ தண்ணீரின் கனஅளவாக இருந்தது; 1964-இல்தான் சரியாக 1 கன டெசிமீட்டர் ஆயிற்று. உங்கள் தொட்டித் தண்ணீரில் அந்த வித்தியாசம் 13 மி.லி. கூட இல்லை.