ஈயக்குட்டையில் நீர்மட்டத்தை இறக்கினால் பீகாக் பாஸ் கொழுக்குமா?

ராவாங் தூண்டில்:
மலேசியாவில் ராவாங் பக்கம் 2 ஏக்கர் பழைய ஈயக்குட்டை, வெள்ளீயம் தோண்டிய பள்ளத்தில் தேங்கிய குளம். நடுவில் 6 மீட்டர் ஆழம், கரை செங்குத்து, ஒரு பக்கம் மட்டும் சரிவு. மீனைப் பிடித்துத் திரும்பத் தண்ணீரிலேயே விடும் குளம். வேட்டை மீன்களில் பீகாக் பாஸ் நிறைய, தோமான் (பெரிய விரால் வகை) கொஞ்சம், இரைக்குத் திலாப்பியா. 40 செ.மீ. பீகாக் பாஸ் 700 கிராம்தான் நிற்குது. தலை பெரிசு, வயிறு ஒட்டிக் கிடக்கு. ஆனால் திலாப்பியாவுக்குக் குறைவே இல்லை, எங்கே பார்த்தாலும் உள்ளங்கை அளவில் திரியுது. அமெரிக்க ஏரிகளில் இலையுதிர் காலத்தில் தண்ணீரை இறக்கி, ஷாட் என்ற இரை மீன்களைத் திறந்த நீருக்குத் தள்ளி பாஸைக் கொழுக்க வைக்கிறார்களாம். இங்கேயும் செய்யலாமா? எவ்வளவு, எப்போது, எப்படி இறக்குவது?

நீர்மட்டம்:
40 செ.மீ. மீன் ஒரு கிலோவை ஒட்டி இருக்கணும். 700 கிராம் என்றால் பட்டினி. குளம் நிறைய இரை இருந்தும் பட்டினி என்றால், அந்த இரை வாய்க்குள் நுழையாத அளவில் இருக்கு. வேட்டை மீன் தன் நீளத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை உள்ள இரையைத்தான் வசதியாக விழுங்கும். 40 செ.மீ. மீனுக்கு 10 முதல் 13 செ.மீ. அதற்கு மேல் வளர்ந்த திலாப்பியா, உடம்பும் உயரம், முதுகில் முள்ளும். அது இரை இல்லை, குஞ்சுகளோடு தீனிக்குப் போட்டி போடும் கூட்டம்.

அமெரிக்காவிலும் இதே தொல்லை உண்டு. கிஸ்ஸர்ட் ஷாட் 30 செ.மீ. தாண்டி வளர்ந்து பாஸின் வாயை விட்டுத் தப்பிவிடும். த்ரெட்ஃபின் ஷாட் சிறிதாகவே இருப்பதால்தான் அதை விரும்புகிறார்கள். ஆனால் தண்ணீர் 5, 6 டிகிரிக்கு இறங்கினால் அது கும்பலாகச் செத்துப்போகும்.

நீர்மட்டத்தை இறக்கும் முன் அளந்து பாருங்க. சரிவுக் கரையில் பத்து இடத்தில் வீச்சு வலை போட்டு, திலாப்பியாவை 5 செ.மீ.க்குக் கீழ், 5–12, 12–20, அதற்கு மேல் என்று பிரித்து எண்ணுங்க. 12–20தான் பாதிக்கு மேல் என்றால் கோளாறு அங்கேதான்.

கரையோரம்:
அமெரிக்க முறையை அப்படியே பிரதி எடுத்தால் தலைகீழாகப் போகும். ஷாட் முட்டை ஒட்டும் வகை. கரையோரச் செடியில் ஒட்டி, சில நாளில் பொரிக்கும். அந்த நேரம் பார்த்து மட்டத்தை இறக்கினால் முட்டை காய்ந்து போகும், ஷாட் பெருகுவது கட்டுப்படும். திலாப்பியாவிடம் இந்த வித்தை செல்லாது. முட்டையைத் தாய் வாயில் வைத்துக்கொண்டு ஆழத்துக்குப் போய்விடும். மாறாக, பீகாக் பாஸ் கட்டையிலும் கல்லிலும் முட்டை ஒட்டி, ஆணும் பெண்ணும் காவல் நிற்கும். தோமான் புல் நடுவே மேற்பரப்பில் கூடு போடும். தண்ணீர் இறங்கினால் முதலில் அழிவது உங்கள் வேட்டை மீனின் கூடுதான்.

அதனால் இறக்குவதற்கு முன் ஒரு வாரம் கரையைச் சுற்றிப் பாருங்க. ஜோடியாகக் காவல் நிற்கும் பீகாக் பாஸோ, சிவந்த தோமான் குஞ்சுக் கூட்டமோ தெரிந்தால் தள்ளிப் போடுங்க. இங்கே குளிர்காலம் கிடையாது, மழைதான் நாட்காட்டி. ஜூன், ஜூலை வறட்சியில் இறக்கி, அக்டோபர், நவம்பர் மழையில் ஏற்றுவது சரியாக வரும்.

இறக்குவதால் மூன்று பலன்: சின்ன திலாப்பியா புல் மறைவை இழக்கும், சரிவில் இழுவலை ஓட்ட முடியும், வெளியே தெரியும் கரையில் புல் முளைக்கும். மூன்றில் பெரியது இழுவலை. 12–20 செ.மீ. கூட்டத்தை வாரி எடுங்க. 25 செ.மீ.க்கு மேற்பட்ட தாய் மீன்களை விட்டுவிடுங்க, குஞ்சு தரும் இயந்திரம் அதுதான். செவுள் வலை வேண்டாம், பீகாக் பாஸும் மாட்டிச் சாகும்.

ராவாங் தூண்டில்:
திலாப்பியாவை வெளியே எடுப்பதற்குப் பதில், இரைக்கு லம்பாம் (கெண்டை இனம்) குஞ்சு ஆயிரம் வாங்கிக் குளத்தில் விட்டால்?

நீர்மட்டம்:
கணக்குப் போடுங்க. வேட்டை மீன் ஒரு கிலோ ஏற 5 முதல் 10 கிலோ இரை வேணும். குளத்தில் 100 கிலோ வேட்டை மீன் இருந்து 30 கிலோ ஏறணும் என்றால் 150 முதல் 300 கிலோ இரை. 8 செ.மீ. லம்பாம் ஆயிரம் சேர்ந்தாலும் பத்து கிலோ தேறாது. பணம் தண்ணீரில்தான். குளத்துக்குள்ளேயே தொடர்ந்து குஞ்சு பிறந்தால்தான் கட்டும்.

எவ்வளவு இறக்குவது: 60 செ.மீ. போதும். 2 ஏக்கருக்குச் சுமார் 4,800 கன மீட்டர். நாளைக்கு 15 செ.மீ.க்கு மேல் வேண்டாம், மணல் கரை தண்ணீரின் தாங்கல் போனதும் சரிந்துவிடும். 4 அங்குல பிவிசி சைஃபன், 20 மீட்டர் நீளம், வெளிவாய் குளமட்டத்தை விட ஒன்றரை மீட்டர் கீழே இருந்தால் மணிக்கு 60 கன மீட்டர் அளவில் ஓடும். மட்டம் இறங்க இறங்க வேகம் குறையும், நாலைந்து நாள் வைத்துக்கொள்ளுங்க. கரை மேட்டின் உச்சி நீர்மட்டத்துக்கு மேல் 4 மீட்டரைத் தாண்டக் கூடாது. இரு முனையிலும் கேட் வால்வு, உச்சியில் டீ (T வடிவ இணைப்பு). வால்வுகளை அடைத்து, டீ வழியாகத் தண்ணீர் நிரப்பி, டீயை இறுக மூடிவிட்டுத் திறங்க. பாதியில் நின்றால் பெரும்பாலும் மூட்டில் காற்றுக் கசிவுதான், பசை பூசி விடுங்க. உறிஞ்சும் வாயில் 5 மி.மீ. கண் கூடை கட்டாயம். பீகாக் பாஸ் வடிகாலுக்குப் போனால் ஆற்று மீனுக்குத்தான் கேடு. திறப்பதற்கு முன் வடிகால் நீர்ப்பாசனத் துறையிடமும் லுவாஸிடமும் (சிலாங்கூர் நீர் நிர்வாக வாரியம்) கேட்டுக்கொள்ளுங்க.

செபராங் பிறை குளத்தடி:
யாரும் சொல்லாத ஒன்று: சேறு. ஈயக்குட்டையிலும் எங்கள் கடலோரக் களிமண்ணிலும் கந்தகம் கலந்த சேறு இருக்கலாம். நீருக்கடியில் சாது. காற்றுப்பட்டு வாரக்கணக்கில் கிடந்தால் அமிலமாகும். மழையில் குளம் நிறையும்போது பிஎச் சடாரென்று விழும், திலாப்பியாவே தாங்காது. கரைச்சேற்றை அகலத் தட்டில் பரப்பி, நாலு வாரமாவது ஈரமாகவே காற்றில் வைத்துப் பிஎச் பாருங்க. 4க்குக் கீழே போனால் கரையைக் காயவிடும் யோசனையைக் கைவிடுங்க, இழுவலையோடு நிறுத்திக்கொள்ளுங்க. ஓரளவு அமிலம் என்றால் மழைக்கு முன் கரையில் ஜிஎம்எல் சுண்ணாம்பு (அரைத்த மக்னீசியச் சுண்ணாம்புக்கல்), ஏக்கருக்கு 500 கிலோவிலிருந்து ஆரம்பிக்கலாம்.

புல் விஷயத்திலும் பேராசை வேண்டாம். முழங்கால் உயரம் போதும். அதற்கு மேல் வளர்ந்தால் வெட்டி வெளியே போடுங்க. அப்படியே மூழ்கினால் அழுகி ஆக்சிஜனைத் தின்னும். ஏற்றும்போது வாரத்துக்கு 20, 30 செ.மீ. மட்டும்.

தண்ணீர் குறைந்திருக்கும் நாட்களில் பெல்லட் தீனியை நிறுத்துங்க. ஆக்சிஜனை விடியற்காலை ஆறு மணிக்கு அளக்கணும். மத்தியானம் அளந்தால் எல்லாக் குளமும் நல்ல குளம்தான். லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் நீரில் காற்றைக் கலக்கும் துடுப்புச் சக்கரத்தை நள்ளிரவிலிருந்து காலை ஏழு வரை ஓடவிடுங்க. வெயில் நாட்களுக்குப் பின் அடைமழை கொட்டினால் அளக்கக்கூட வேண்டாம், உடனே போடுங்க. அடித்தண்ணீர் மேலே வந்து மீன் வாய் பிளக்கும் நேரம் அது.

வாரிய திலாப்பியாவை விற்கும் எண்ணம் இருந்தால் முதலில் சதையில் ஆர்சனிக், காரீயம் பரிசோதனை செய்யுங்க. ஈயக்குட்டை மீனுக்கு அது அவசியம்.